துருப்பிடித்த ஆணி என்ன சொல்லும்?

ஓர் ஆணியின் விலை இன்று நமக்கு ஒரு பொருட்டன்று. தச்சர் வேலை முடித்துச் சென்ற இடத்தில் நான்கு ஆணிகள் சிதறிக் கிடந்தால், குனிந்து எடுப்பவர் குறைவு. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய தொடக்கக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே ஒவ்வோர் ஆணியையும் கொல்லர் இரும்பைக் காய்ச்சி, அடித்து, தனித்தனியாகச் செய்ய வேண்டும். அல்லது கடல் கடந்து வரவழைக்க வேண்டும். ஆகவே வேறிடம் பெயர்ந்து செல்லும் குடும்பத்தார் தம் பழைய மரவீட்டுக்குத் தாமே தீ வைத்துவிட்டு, சாம்பலிலிருந்து ஆணிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டனர். இதைத் தடுப்பதற்காக 1645-ஆம் ஆண்டில் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் ஒரு சட்டமே செய்தார்கள். வீட்டைக் கொளுத்தாமல் விட்டுச் செல்பவருக்கு, அதில் எத்தனை ஆணிகள் இருக்கும் என்று இருவர் மதிப்பிட்டு, அத்தனை ஆணிகளை ஈடாகத் தர வேண்டும் என்பது அச்சட்டம்.

அன்று இவ்வளவு மதிப்புப் பெற்றிருந்த ஆணியை இன்று அதே நாட்டில் பலர் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். கைவிடப்பட்ட பழைய மரக்குடில்களைச் சுற்றி, உலோகம் கண்டறியும் கருவியுடன் பழம்பொருள் தேடுவது அங்கே பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. நாணயம் கிடைத்தால் மகிழ்ச்சி. பொத்தான் கிடைத்தாலும் மகிழ்ச்சி. துருப்பிடித்த ஆணி கிடைத்தால் ஏமாற்றம். ஆனால் தொல்லியலாரைக் கேட்டால், நாணயத்தைவிட ஆணிதான் அதிகம் பேசும் என்பார்கள். அது ஏன்? விடை காணுமுன், அந்தக் கருவி மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை எப்படி அறிகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

மரம் மறையும், உலோகம் நிற்கும்

அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டில் நிறைவேறிய குடியேற்ற நிலச் சட்டம், 160 ஏக்கர் அரசு நிலத்தில் வீடு கட்டி, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்பவருக்கு அந்நிலத்தைச் சொந்தமாக்கியது. அந்த நிலங்கள் வெற்று நிலங்கள் அல்ல. பெரும்பாலானவை அந்நாட்டின் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை. அங்குச் சென்றவர்கள் முதலில் கட்டியது, காட்டில் கிடைத்த மரக்கட்டைகளை அடுக்கிய சிறு குடில்தான். பொன் தேடி மேற்கே சென்ற சுரங்கத் தொழிலாளரும் இத்தகைய குடில்களையே கட்டினர். மழை பொய்த்தபோதும் பொன் தீர்ந்தபோதும் இவற்றில் பல கைவிடப்பட்டன.

ஆள் இல்லாத குடில் நெடுநாள் நிற்பதில்லை. கூரை முதலில் வீழும். கட்டைகளைக் கறையானும் பூஞ்சையும் தின்னும். நூறு ஆண்டுகளில் அடுப்புக்கல்லும் ஒரு பள்ளமும்தான் மிஞ்சும். ஆனால் ஆணி, கீல், தாழ்ப்பாள், குதிரை லாடம், தகர டப்பா, பொத்தான் ஆகியவை மண்ணுக்குள் கிடக்கும். இரும்பு துருப்பிடித்தாலும் உருக்குலையாமல் பல ஆண்டுகள் நிற்கும். செம்பும் வெள்ளியும் அதைவிட நெடுங்காலம் நிற்கும்.

கருவி எப்படி அறிகிறது?

மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்ததைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உலோகங்காட்டி முழுவதும் அந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது.

கருவியின் அடியில் தட்டுப் போன்ற பகுதி ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. முதற்சுருளில் நொடிக்குச் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுருளைச் சுற்றியும் கீழுள்ள மண்ணிலும் மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் ஒரு நாணயம் இருந்தால், அப்புலம் நாணயத்துக்குள் வட்ட வட்டமாகச் சுழலும் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. இவற்றைச் சுழல் மின்னோட்டங்கள் என்பார்கள். இச்சுழல் மின்னோட்டங்கள் தமக்கென ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அதை இரண்டாம் சுருள் ஏற்று, ஒலியாக நமக்குத் தெரிவிக்கிறது. இன்று பல வீடுகளில் உள்ள தூண்டல் அடுப்பில் பாத்திரத்தைச் சுடாக்குவதும் இதே சுழல் மின்னோட்டம்தான். அங்கே அது வலிமையானது, இங்கே மிக மெல்லியது.

முதற்சுருளின் பெரிய புலத்தின் நடுவே நாணயத்தின் மெல்லிய புலத்தை எப்படிப் பிரித்தறிவது? இரண்டாம் சுருளை, முதற்சுருளின் நேரடித் தூண்டல் அதில் ஏறத்தாழ முழுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியாகும்படி அமைத்துவிடுகிறார்கள். சமநிலையில் நிற்கும் தராசைப் போன்றது இது. ஒரு தட்டில் நெல்மணி விழுந்தாலும் தராசு அசைவதுபோல, அருகில் உலோகம் வந்தால் இச்சமநிலை கலைகிறது.

இத்தகைய ‘தூண்டல் தராசு’ ஒன்றை, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881-இல் ஓர் உயிரைக் காப்பதற்காகப் பயன்படுத்தினார். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடிப் பெல் தம் கருவியுடன் வந்தார். தொலைபேசியின் கேட்கும் குழலைக் காதில் வைத்துக்கொண்டு நோயாளியின் உடல்மேல் சுருள்களை நகர்த்தினார். முயற்சி பலிக்கவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் சமநிலையைக் குலைத்தன. அதோடு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அப்பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்தார். கருவி சரியாக இருந்தாலும், எங்கே தேடுகிறோம், சுற்றிலும் வேறென்ன இருக்கிறது என்பவை சரியாக இல்லாவிட்டால் விடை தவறும் என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் ஜெர்ஹார்டு ஃபிஷர் என்பவர் அமெரிக்காவில் இத்தகைய கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1937-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் படை அலுவலர் யோசஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டி, 1942-இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. விமான நிலையத்தில் நாம் நுழையும் வாயிற் சட்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆழமும் அடையாளமும்

‘பத்தடி ஆழத்தில் உள்ள காசையும் காட்டும்’ என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். சுருளிலிருந்து விலக விலக, அதன் காந்தப்புலம் ஏறத்தாழத் தொலைவின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது, தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். நாணயத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அதே விதிப்படி எட்டில் ஒரு பங்காகும். போவதும் வருவதும் சேர்ந்தால் 8 × 8 = 64. ஆழம் இரு மடங்கானால் குறிப்பலை 64-இல் ஒரு பங்காகிவிடுகிறது! சாதாரணக் கருவிக்கு ஒரு நாணயம் 20, 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

உலோகத்தின் வகையையும் கருவி ஓரளவு ஊகிக்கும். வெள்ளி, செம்பு போன்ற நல்ல கடத்திகளில் சுழல் மின்னோட்டம் எளிதில் அடங்குவதில்லை. எனவே திரும்பி வரும் அலை சற்றுப் பின்தங்கும். இரும்போ காந்தமாகவும் மாறுவதால் வேறு விதமாகப் பதில் தரும். இந்தக் கால வேறுபாட்டை அளந்து, ‘இரும்புக்கு ஒலிக்காதே’ என்று கருவிக்கு ஆணையிடலாம். பழம்பொருள் தேடுவோர் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மெல்லிய பொன் மோதிரமும், குளிர்பான டப்பாவின் அலுமினிய இழுப்பு வளையமும் ஏறத்தாழ ஒரே பதிலைத் தரும். கருவி சொல்வது ‘இங்கே கடத்தி இருக்கிறது’ என்பது மட்டுமே. அது என்ன, யாருடையது, எப்போது வந்தது என்பவற்றை மனிதர்தாம் கண்டறிய வேண்டும்.

ஆணி ஒரு நாட்காட்டி

இப்போது ஆணிக்கு வருவோம். 1790-களுக்கு முன் அமெரிக்க வீடுகளில் இருந்தவை கொல்லர் அடித்த ஆணிகள். அவை நான்கு பக்கமும் கூர்ந்து செல்லும். தலையில் சம்மட்டியின் தடம் இருக்கும். 1790-களில் இரும்புத் தகட்டிலிருந்து ஆணியை வெட்டும் எந்திரங்கள் வந்தன. வெட்டாணியின் குறுக்குவெட்டு செவ்வகம். அது இரண்டு பக்கம் மட்டுமே கூர்ந்து செல்லும். 1880, 1890-களில் கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணி பரவியது. இன்று நாம் பயன்படுத்துவது இதுவே. துருவை நீக்கிக் குறுக்குவெட்டைப் பார்த்தாலே காலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

மற்றப் பொருள்களுக்கும் இப்படிப் பிறந்த தேதி உண்டு. கால்சட்டைப் பையின் மூலையில் அடிக்கும் செம்பு ரிவெட்டுக்கு ஜேக்கப் டேவிசும் லீவை ஸ்ட்ராசும் காப்புரிமை பெற்றது 1873-இல். ஜோசஃப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றது 1874-இல். சோடாப் புட்டியின் நெளிவிளிம்பு மூடியை வில்லியம் பெயின்ட்டர் கண்டுபிடித்தது 1892-இல்.

இங்கே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். ஒரே மண்ணடுக்கில் பல பொருள்கள் சேர்ந்து கிடந்தால், அவற்றுள் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. 1860-ஆம் ஆண்டு நாணயம் கிடைத்ததால் அது 1860-இல் விழுந்தது என்று பொருளன்று. நாற்பது ஆண்டுகள் கைமாறிய பின்னும் விழுந்திருக்கலாம். ஆனால் புட்டி மூடி ஒன்று அதோடு கிடந்தால், 1892-க்கு முன் அந்த அடுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்றை மறவாதீர்கள்: இரண்டும் சேர்ந்து கிடந்தன என்று தெரிந்தால்தான் இந்த விதி வேலை செய்யும்!

ஆணிகளால் வரைந்த வீடு

கட்டைக் குடிலின் சுவருக்கு ஆணி அதிகம் தேவையில்லை. மூலைகளில் கட்டைகளை வெட்டி ஒன்றோடொன்று பொருத்திவிடுவார்கள். ஆணிகள் சென்றது கூரைப் பலகைக்கும், தரைப் பலகைக்கும், கதவு, சன்னல் சட்டங்களுக்கும். வீடு மட்கி விழும்போது, அவை இருந்த இடத்தை ஒட்டியே மண்ணில் சேர்கின்றன. ஒவ்வோர் ஆணி கிடந்த இடத்தையும் வரைபடத்தாளில் ஒரு புள்ளியாகக் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் அடர்ந்த பரப்பு கூரையும் தரையும் இருந்த இடம். கீலும் தாழ்ப்பாளும் கிடந்த ஓரம் வாசல். தகர டப்பாக்கள் குவிந்த இடம் குப்பைமேடு. லாடத்து ஆணிகள் சிதறிய பக்கம் குதிரை கட்டிய இடம். மறைந்த வீட்டின் வரைபடம் தாளில் எழுந்துவிடும்.

ஆணியின் நிலையும் பேசும். நேராகக் கிடக்கும் ஆணிகள் மிகுதி என்றால், வீடு நின்ற இடத்திலேயே மட்கியது எனலாம். பிடுங்கும்போது வளைந்த ஆணிகள் மிகுதி என்றால், யாரோ பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள் எனலாம். தீயில் வெந்த ஆணிகள், வீடு எரிந்ததைச் சொல்லும்.

இரும்புக்கு ஒலிக்காதபடி கருவியைத் திருப்பி வைத்தவருக்கு இவை ஒன்றும் கேட்கவே கேட்காது. ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டு போனவர், பொருளைக் கொண்டுபோனார். அது கிடந்த இடத்தைக் கொண்டுபோக முடியவில்லை. வேதியியல் சோதனை தவறினால் நாளை மறுபடி செய்யலாம். அகழ்வு மறுமுறை செய்ய முடியாத சோதனை.

இரண்டு ஆய்வுகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் குளக்கரையில் 1845-இல் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர் 15 அடிக்கு 10 அடியில் ஒரு குடில் கட்டினார். காந்தியடிகள் விரும்பிப் படித்த, சட்ட மறுப்பைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் இவரே. குடிலுக்கான செலவைக் காசு பிசகாமல் எழுதிவைத்தார்: மொத்தம் 28 டாலர் 12½ சென்ட், அதில் ஆணிக்கு மட்டும் 3 டாலர் 90 சென்ட். அவர் சென்றபின் குடிலும் அகற்றப்பட்டது. அது நின்ற இடம் எது என்பதே பிற்காலத்தில் ஐயத்துக்கு உள்ளாயிற்று. 1945-இல் ரோலண்டு ராபின்ஸ் என்பவர் அதைத் தேடினார். மண்ணில் இரும்புக்கோலைக் குத்திக் குத்திச் சோதித்து, பொறுமையாகத் தோண்டி, புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டார். அங்கே கிடைத்தவை ஆணி, செங்கல், காரைத் துண்டு போன்றவை. பொன் எதுவும் இல்லை. ஆயினும் நூறாண்டுக் கேள்விக்கு விடை கிடைத்தது.

மற்றொன்று உலோகங்காட்டியின் பெருமையைக் காட்டுவது. மான்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம், 1876 ஜூன் 25-இல், லக்கோட்டா, செயேன் மக்கள் தளபதி கஸ்டரின் படையை வென்றனர். கஸ்டருடன் நேராக நின்ற வீரர் அனைவரும் மாண்டனர். 1983-இல் எழுந்த காட்டுத்தீ அக்களத்தின் புல்லை எரித்துத் தரையை வெளிக்காட்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலார், உலோகங்காட்டியில் கைதேர்ந்த பொழுதுபோக்காளர்களையே தன்னார்வலராக அழைத்தனர். அவர்கள் வரிசையாக நடந்தார்கள். கருவி ஒலித்த இடத்தில் தோண்டாமல் கொடி நட்டார்கள். பின்வந்த குழு பொருளை மெல்லத் திறந்தது. மற்றொரு குழு இடத்தை அளந்து குறித்தது. அதன் பிறகே பொருள் எடுக்கப்பட்டது.

துப்பாக்கியின் ஊசி ஒவ்வொரு தோட்டா உறையிலும் தனக்கே உரிய தடத்தைப் பதிக்கும். அத்தடங்களை ஒப்பிட்டபோது, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதே தெரிந்தது. பூர்வகுடி வீரர்களிடம் அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் பல இருந்ததும் வெளிப்பட்டது. தம் முன்னோர் சொன்னதாக அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்த செய்திகளை வரலாற்று நூல்கள் பல பொருட்படுத்தவில்லை. அவற்றுள் பல உண்மை என்று மண்ணில் கிடந்த தோட்டா உறைகள் சாட்சி சொல்லின. கொடி நடாமல் அள்ளியிருந்தால், அவை பழைய பித்தளையாக மட்டுமே இருந்திருக்கும்.

சட்டம் சொல்வது

இதனால்தான் அமெரிக்கா 1906-இலும் 1979-இலும் சட்டங்கள் செய்து, அரசு நிலத்திலும் பூர்வகுடிகளின் நிலத்திலும் நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதைக் குற்றமாக்கியது. கலிபோர்னியாவில் பொன் தேடியவர்கள் விட்டுச் சென்ற போடி என்ற ஊர், 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்கே உலோகங்காட்டிக்கு இடமில்லை. தனியார் நிலத்தில் தேடுவதற்கும் உரிமையாளரின் இசைவு வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே, உங்கள் ஊர் மேட்டில் பழங்காசோ பானை ஓடோ கண்ணில் பட்டால், தோண்டாதீர்கள். கண்ட இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வழியாகச் செய்தி உரியவரிடம் சேரட்டும். அந்தக் குறிப்பே உங்கள் முதல் ஆய்வு.

செய்து பாருங்கள்

1. திரைச்சீலை மாட்டும் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதற்குள் நுழையும் வலிமையான சிறு காந்தத்தை மேலிருந்து விடுங்கள். பிறகு அதே அளவுள்ள சாதாரண இரும்புத் துண்டை விடுங்கள். காந்தம் மட்டும் மெதுவாக இறங்கும். அலுமினியத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லையே, பின் அதைத் தடுப்பது எது? குழாய்ச் சுவரில் உண்டாகும் சுழல் மின்னோட்டம்தான்.

2. 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டில் மணல் பரப்பி, நூல் கட்டி 5 சென்டிமீட்டர்க் கட்டங்களாகப் பிரியுங்கள். 96 கட்டங்கள் வரும். நண்பர் ஒருவர் சிற்றாணிகளை ஒரு வீட்டின் சுவர்க்கோடுகளாக, வாசலுக்கு இடைவெளி விட்டு, புதைத்து வைக்கட்டும். மற்றவர் காந்தத்தால் கட்டம் கட்டமாகத் துழாவி, ஆணி கிடைத்த கட்டத்தை வரைபடத்தாளில் குறித்த பின்பே ஆணியை எடுக்கட்டும். பிறகு மீண்டும் புதைத்து, மூன்றாமவர் குறிக்காமலே எல்லாவற்றையும் எடுக்கட்டும். இருவர் கையிலும் ஆணிகள் சமம். வாசல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். யாரால் சொல்ல முடிகிறது?

சிந்தித்துப் பாருங்கள்

1. பொருளின் ஆழம் மும்மடங்கானால், திரும்பி வரும் குறிப்பலை எத்தனையில் ஒரு பங்காகும்?

2. ஒரே மண்ணடுக்கில் வெட்டாணிகளும், 1865-ஆம் ஆண்டு நாணயமும், முள்கம்பித் துண்டும் கிடந்தன. அந்த அடுக்கு எந்த ஆண்டுக்கு முன் உருவாகியிருக்க முடியாது?

3. சோதனை இரண்டில் மணலுக்குள் ஒரு செம்புக் கம்பித் துண்டும் இருந்தால், காந்தம் அதைக் கண்டறியாது, உலோகங்காட்டி கண்டறியும். ஏன்?